கோமகன் பெயரில் ஒரு கால்வாய்

தருமபுரிக்காரனான எனக்குப் படகு என்றால் பரிசல்தான். மூங்கிலைப் பின்னி, முன்னாளில் தோல் போர்த்தி, ஒகேனக்கல்லில் ஓட்டிய வட்டக் கலம். தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்களும் அதில் அமர்ந்துதான் காவிரியைக் கடந்தார்கள். அது வேறு கதை. சென்னைக் கால்வாயின் பழைய சரக்குப் படகுகளின் வரலாற்றைத் தேடப் போனேன். அந்தத் தேடலோ என்னை எங்கள் மண்ணின் பட்டினிக்கே இழுத்து வந்தது!

சென்னையையும் எண்ணூரையும் இணைத்து, 1806-ஆம் ஆண்டளவில் கொக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் வெட்டிய கால்வாய் அது. அவர் பெயரே அதற்கு. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கே பெத்தகஞ்சாம், தெற்கே மரக்காணம் என ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது.

தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகுகள். காற்றடித்தால் பாய் விரியும். காற்று ஓய்ந்தால்? கழி ஊன்றித் தள்ளுவான் ஒருவன். தோளில் கயிறு மாட்டிக் கரையோரம் இழுத்து நடப்பான் இன்னொருவன். சிறீஅரிக்கோட்டைக் காட்டு விறகும் மரக்காணத்து உப்பும் அப்படித்தான் பட்டணம் சேர்ந்தன. மாளிகையின் அடுப்பு எரிந்ததும் அவன் தோள் வலிமையால்தான்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது 1877-78-இல். பஞ்ச நிவாரண வேலையாக! தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பாட்டி சொல்வாளே, அதே பஞ்சம். அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தருமபுரியும் இருந்தது. பஞ்சம் கொடிதாக வாட்டிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. பாட்டிக்கு அது விதி. விதியா? அந்த ஆண்டுகளிலும் இந்தியத் தானியம் கப்பலேறியது. பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தவர் ரிச்சர்டு டெம்பிள். அரைக்கிலோவுக்கும் குறைந்த தானியம். அதை உண்டு மண் வெட்ட வேண்டும்! இது போதாது என்று வாதாடியவர் சுகாதார ஆணையர் கார்னிசு. அவரும் வெள்ளையர்தான், சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை உடல்கள் சாய்ந்தன!

1878-இல் கால்வாய்க்குப் புதுப்பெயர் சூட்டினார்கள்: ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். வணிகர் பெயர் போய்ப் பிரபு பெயர் வந்தது. மண் சுமந்தவன் பெயர் அப்போதும் வரவில்லை.

லாரியும் ரயிலும் சரக்கைப் பறித்தன. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பின்னர் அதன் உள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டார்கள். 2008-இல் தேசிய நீர்வழியின் பகுதி என்றும் அறிவித்தார்கள். மயிலாப்பூர்ப் பாலத்தின்மீது நின்று பார்த்தேன்: தூண்களைச் சுற்றிக் கறுத்த நீர், மேலே ரயில்.