பந்து மேல தப்பில்லீங்க!

"பௌலிங்ல நம்ம ஆவரேஜ் 180 மச்சி!"

2023-ல் பி.காம். செகண்ட் இயர் படிச்சப்போ நான் அதிகமா சொன்ன டயலாக் இதுதான். கேன்டீன்ல சொல்லுவேன். பஸ்ல சொல்லுவேன். பெரியம்மா பொண்ணு கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்தும் சொன்னேன். "180 கிலோமீட்டர் ஸ்பீடா? சோயப் அக்தரே அவ்ளோ போட்டதில்லையேடா!" என்றார் மாமா. "அந்த பௌலிங் இல்ல மாமா... பத்து பின்னை நிக்க வெச்சு, பந்தை உருட்டி விழ வைக்கற பௌலிங்." "அட, அதுவா!" என்று அவர் பாயசத்துக்குப் போய்விட்டார்.

அதேதான். மால்ல பர்த்டே பார்ட்டிக்குப் போய் எல்லாரும் விளையாடுவாங்களே, அது. நான் விளையாடப் போகலை, வேலைக்குப் போனேன். சாயங்காலம் 5 மணியிலிருந்து கடை மூடுற வரைக்கும் பார்ட் டைம். வாடகை ஷூவைத் திரும்ப வாங்கி, உள்ளே ஸ்ப்ரே அடிச்சு, சைஸ் வாரியா அடுக்கணும். சம்பளம் சுமார்தான். ஆனா மூடின பிறகு ஸ்டாஃப் ரெண்டு கேம் ஃப்ரீயா ஆடிக்கலாம். அந்த ரெண்டு கேம்தான் என்னைக் கெடுத்தது.

முதல்ல அங்கே இருக்கற பொதுப் பந்தில் ஆடினேன். அதெல்லாம் பிளாஸ்டிக் வகை. விட்ட கோட்டிலேயே நேரா போகும், 120 தாண்டாது. ஒருநாள் ரெகுலரா வர்ற அண்ணன் ஒருத்தர் தன் சொந்தப் பந்தைக் கொடுத்து, "ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார். வலது ஓரமா வழுக்கிட்டுப் போன பந்து, கடைசியில யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இடது பக்கம் வளைஞ்சு, முதல் பின்னுக்கும் மூணாவது பின்னுக்கும் நடுவுல புகுந்தது பாருங்க... பத்தும் காலி! ரியாக்டிவ் ரெசின் பந்து. 1990-களின் தொடக்கத்துல வந்த சமாச்சாரம். நேரா போற பந்து பின்களுக்குள்ளே நுழையற கோணம் 2 டிகிரியைத் தாண்டறது கஷ்டம். வளைஞ்சு வர்ற பந்துக்கு 6 டிகிரி வரைக்கும் கிடைக்கும். ஸ்ட்ரைக் விழ அந்த நாலு டிகிரி போதும்.

அவர் புதுப் பந்து வாங்கப்போறார், பழசை விக்கறார் என்று தெரிஞ்சதும் எனக்குத் தூக்கமே வரலை. பழைய ஓட்டையை அடைச்சு, என் விரலுக்குப் புதுசா துளை போடறது உட்பட 6,500 ரூபாய்.

அப்பா அச்சகத்துல பைண்டிங் வேலை பார்க்கறார். வியாசர்பாடியில எங்க தெரு மன்றத்துல ஞாயித்துக்கிழமை ஆனா கேரம். முப்பது வருஷமா ஆடற கை. வீட்டுல ஒரு பழைய போர்டு, நடுவுல லேசா குழி விழுந்தது. நல்ல டோர்னமென்ட் போர்டு ஒண்ணு வாங்கணும்னு அவர் மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வெச்சிட்டிருந்தார். "ஸ்டேட் டோர்னமென்ட்ல ஆடப்போறேன்பா" என்றேன். ஒரு கேள்விகூட கேக்கலை. அலமாரியைத் திறந்து கவரோட கொடுத்துட்டார்.

ஆறு மாசத்துல 180 வந்தது. டோர்னமென்ட்டும் வந்தது. அதுவும் எங்க சென்டர்லயே! நான் தினமும் ஷூ அடுக்கற இடம், தினமும் ராத்திரி ஆடற லேன். ஜெயிச்ச மாதிரிதான்னு நினைச்சேன். முந்தின நாள் ராத்திரி பந்துக்குன்னே விக்கற பாலிஷை வாங்கி, முகம் பார்க்கற அளவுக்குத் தேய்ச்சேன்.

ஆறு கேம். 141, 128, 152, 119, 133, 147. மொத்தம் 820. சராசரி 136.

அந்த 119-ஐ எப்படிச் சொல்றது? வலது பக்கம் கொஞ்சம் தள்ளி விட்டா, பந்து அப்படியே வழுக்கிட்டுப் போய் ஓரத்துல ஒரே ஒரு பின்னைத் தட்டிட்டுப் போகுது. சரின்னு கொஞ்சம் இடது பக்கம் விட்டா, முதல் பின்னையே தாண்டிப் போய் அந்தப் பக்கம் அடிக்குது. தினமும் என் பேச்சைக் கேட்டுட்டிருந்த பந்து, அன்னிக்கு யாரோ மாதிரி நடந்துக்கிச்சு. கவுன்டர்ல கூட வேலை பார்க்கற பசங்க ஸ்கோர் ஸ்கிரீனைப் பார்த்துட்டு ஷூ அடுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க.

வீட்டுக்குப் போனதும் நேரா அப்பாகிட்ட போனேன். "பந்து சரியில்லப்பா. பழசு. புதுசு ஒண்ணு, பன்னெண்டாயிரம் இருந்தா..."

அப்பா பேப்பரை மடக்கினார். "பவுடர் எப்படி இருந்துச்சு?"

"பவுடரா? அது கேரம்பா. இங்க எண்ணெய்."

"ஏதோ ஒண்ணு. நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் இருந்துச்சா?"

பதில் தெரியலை. நான் பார்க்கவே இல்லை.

"மழை நாள்ல பவுடர் கட்டிக்கும். காயின் நகரவே நகராது. அன்னிக்குக் கையை மாத்தி அடிக்கணும். ஸ்ட்ரைக்கரை மாத்தினா பவுடர் மாறிடுமாடா?" பேப்பரை மறுபடி பிரிச்சுட்டார். அவ்ளோதான் பேச்சு.

மறுநாள் ராத்திரி எங்க சென்டர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் நின்னேன். லேனுக்குப் பின்னாடி மெஷின் சத்தத்துலயே பல வருஷம் ஓட்டினவர். பேசினா கத்தித்தான் பேசுவார். "அண்ணே, டோர்னமென்ட்டுக்கு எண்ணெய் ஏதாச்சும் மாத்திப் போட்டீங்களா?"

"நான்தான்டா போட்டேன்! எத்தனை அடி, எங்க எவ்ளோன்னு ஷீட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தேனே. எல்லாரும் படிச்சாங்க. நீ செல்ஃபி எடுத்துட்டு இருந்த!"

உண்மை. அந்த ஷீட்டுக்கு முன்னாடிதான் எடுத்தேன்.

அன்னிக்குத்தான் ஆயில் மெஷினைப் பக்கத்துல பார்த்தேன். அகலமான சூட்கேஸ் மாதிரி இருக்கும். லேன் மேல வெச்சா அதுவே ஊர்ந்து போய், பழைய எண்ணெயை வழிச்சுத் துடைச்சு, புதுசைப் பூசிட்டு வரும். மினரல் ஆயில். ஒரு லேனுக்கு 20-லிருந்து 30 மில்லிதான், இருமல் டானிக் மூடியில ரெண்டு மூணு மூடி. மரம் தேயாம இருக்கறதுக்காக ஆரம்பிச்ச பழக்கம் இது. இன்னிக்கு மேட்சோட தலையெழுத்தே அதுதான்.

கோட்டிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. குறுக்கே 39 பட்டைகள். எங்க சென்டர்ல தினசரி போடற எண்ணெய் 38 அடி வரைக்கும் இருக்கும், மிச்சம் காய்ஞ்ச தரை. பந்து எண்ணெய்ல வழுக்கும், காய்ஞ்ச இடத்துல பிடிக்கும், பிடிச்சாத்தான் வளையும். இதுவரைக்கும் எனக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது.

"கையை வெச்சுப் பாரு" என்றார். புதுசா எண்ணெய் போட்ட லேன்ல நடுவுல விரல் வெச்சேன், பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஓரத்துல வெச்சேன், ஒண்ணுமே இல்லாத மாதிரி. நடுவுல, ஓரத்தைவிடப் பத்து மடங்கு எண்ணெய்கூட இருக்குமாம். "வர்ற குழந்தைகுட்டி எல்லாம் நல்லா ஆடுற மாதிரி இருக்கணும்ல, அதுக்குத்தான். நீ வலது பக்கம் தப்பா விட்டா அங்க காய்ஞ்சிருக்கு, பிடிச்சு உள்ளே திருப்பி விட்டுடும். இடது பக்கம் தப்பா விட்டா அங்க எண்ணெய் ஜாஸ்தி, வளைய விடாம பிடிச்சு வெச்சுக்கும். எங்க விட்டாலும் பந்து அதே இடத்துக்குத்தான் வரும்."

டோர்னமென்ட்டுக்கு அவர் போட்டது 43 அடி. நடுவுக்கும் ஓரத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதாவது, தப்பா விட்டா தப்பாவே போகும். அமெரிக்க புரொஃபஷனல் டூர்ல இந்த மாதிரி எண்ணெய் வகைகளுக்கு மிருகப் பேரே வெச்சிருக்காங்க. சீட்டான்னா குட்டை, ஷார்க்னா நீளம்.

எனக்குத் தொண்டை அடைச்சது. 820-க்காக இல்லை, அந்த 180-க்காக. ஆறு மாசமா நான் கல்யாணப் பந்தியில வரைக்கும் பீத்திக்கிட்ட 180-ல் என் பங்கு எவ்ளோ, அந்த மூணு மூடி எண்ணெயோட பங்கு எவ்ளோ?

"பந்தைக் கொண்டா" என்றார். கொண்டு வந்தேன். என் பாலிஷைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். பளபளன்னு இருந்தா எண்ணெய்ல இன்னும் அதிக தூரம் வழுக்கும். அன்னிக்கு இருந்த நீள எண்ணெய்க்குச் சொரசொரன்னு இருந்திருக்கணும். அதுக்குன்னு தேய்க்கற வட்டத் தாள் இருக்கு. 500 நம்பர் முரடு, 4000 மழமழப்பு. நான் உப்புத்தாள் தேய்க்க வேண்டிய இடத்துல மெழுகு பூசியிருக்கேன்!

இன்னொண்ணும் காட்டினார். போட்டுத் திரும்பி வந்த பந்தை வெளிச்சத்துல பிடிச்சா, மேல எண்ணெய் வளையங்கள், ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா விசிறி மாதிரி. உள்ளே இருக்கற கோர் சமச்சீரா இல்லாததால, ஒவ்வொரு சுத்துக்கும் பந்து கொஞ்சம் சாய்ஞ்சு எண்ணெய் படாத புது இடத்தைத் தரையில வைக்குது. எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அழுக்குன்னு நினைச்சு துடைச்சுட்டே இருந்திருக்கேன்.

ரியாக்டிவ் பந்து அந்த எண்ணெயைக் குடிக்கவும் செய்யும். பழசானா வயிறு நிறைஞ்சு சோம்பேறி ஆயிடும். அண்ணன் சொன்னபடி, ஞாயித்துக்கிழமை வீட்டுல ஓட்டையை டேப் போட்டு அடைச்சு, கை பொறுக்கற சூட்டு வெந்நீர்ல பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு பந்தை முக்கினேன். கொஞ்ச நேரத்துல எண்ணெய் முத்து முத்தா வேர்த்துச்சு. அம்மா எட்டிப் பார்த்தாங்க. "நாலு தீபாவளியா உன்னை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லி என் தொண்டை வத்திப் போச்சு. பந்துக்கு வெந்நீரா?"

எட்டு மாசம் கழிச்சு அடுத்த டோர்னமென்ட், அதே சென்டர்ல. அப்பா லீவு போட்டுட்டு வந்தார். நான் முதல்ல நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். 41 அடி. ஒரு எளிய கணக்கு இருக்கு: எண்ணெய் நீளத்துல 31-ஐக் கழிச்சா, பந்து எண்ணெயை விட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய எத்தனாவது பட்டையில இருக்கணும்னு தெரியும். 41-ல் 31 போனா 10. போன தடவை 43, அதாவது 12. நான் ஆறு கேமும் வழக்கமான 7-க்கே விட்டுட்டு இருந்திருக்கேன், வீட்டு ஞாபகத்துல!

நாலாவது கேம்ல பந்து சீக்கிரமே வளைய ஆரம்பிச்சது. எல்லார் பந்தும் ஒரே தடத்துல ஓடி ஓடி, அந்த இடத்துல எண்ணெய் தீர்ந்துட்டு இருக்கு. பழைய ஆளா இருந்தா பந்தைத் திட்டியிருப்பேன். ரெண்டு பட்டை இடது பக்கம் தள்ளி நின்னேன், குறியை ஒரு பட்டை நகர்த்தினேன். 182. ஓரத்துல தனியா நிக்கற பத்தாம் நம்பர் பின்னுக்கு என் பந்தைத் தொடவே இல்லை. எண்ணெயைச் சட்டை பண்ணாம நேரா போற அதே பழைய பிளாஸ்டிக் பந்துதான்.

மொத்தம் 986. சராசரி 164. செலக்‌ஷனா? பக்கத்துலகூட போகலை. நல்ல ஆட்டக்காரங்க அதே எண்ணெய்ல 200 தாண்டிப் போயிட்டிருந்தாங்க. ஆனா இந்த 164 எனக்குப் பிடிச்சிருந்தது. இதை இன்னும் யார்கிட்டயும் பந்தியில சொல்லலை.

எல்லாம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சதும் அப்பா ஃபவுல் லைன் பக்கத்துல போய்க் குனிஞ்சார். "சார், தாண்டாதீங்க! வழுக்கிடும்!" மெக்கானிக் அண்ணன் கத்தினார். அப்பா தாண்டலை. கையை மட்டும் நீட்டி, ஒரு விரலால தொட்டு, கட்டை விரலோட சேர்த்துத் தேய்ச்சுப் பார்த்தார். வர்ற வழி பூரா அந்த விரலைத் தேய்ச்சுட்டே வந்தார்.

மூணு மாசச் சம்பளத்தைச் சேர்த்து, போன மாசம் அவருக்குப் புது கேரம் போர்டு வாங்கிட்டேன். மன்றத்துல வெச்சு முதல் ஆட்டம், எதிர் வீட்டு பிளஸ் டூ பையன்கூட. தோத்துட்டார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு என்கிட்ட மெதுவா சொன்னார்:

"போர்டு சரியில்லடா."