அப்பத்தின் கீழ் விரித்த துணி



உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின்மேல் இப்போது என்ன விரிக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப்பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஆப்பிளும் திராட்சையும் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் வேலை முடிந்தது. அதை நான் குறைகூறவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது பேருதவி. ஆயினும், நம்முடைய கரூரில் தயாராகும் பருத்தி மேஜை விரிப்புகள் கப்பலேறி வெளிநாட்டு உணவு மேஜைகளுக்குப் போகையில், நம் மேஜைகளில் பிளாஸ்டிக் கிடப்பது எனக்குச் சற்று விசித்திரமாகவே தோன்றும்.

இந்த வாரம் நான் எழுத விரும்புவது, பழந்துணிகளை ஒட்டுச்சேர்த்து, நடுவில் மெத்தென்ற ஓர் அடுக்கு வைத்து, மூன்றடுக்கையும் ஊடுருவித் தைத்த மேஜை விரிப்பைப் பற்றி. கடைகளில் இதைக் 'குயில்ட்' என்கிறார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் இதைத் தைத்துவருகிறார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருவர். ஆகையால், ஊசியைத் தொட்டறியாத எனக்கும் இதன் நுட்பங்கள் காதில் விழுந்து விழுந்து மனப்பாடமாகிவிட்டன.

6 பேர் அமரும் மேஜை ஏறத்தாழ 5 அடி நீளமும் 3 அடி அகலமும் இருக்கும். நான்கு பக்கமும் அரையடி தொங்கவேண்டுமானால் விரிப்பு 6 அடிக்கு 4 அடி. மேலடுக்குக்கு மதுரைச் சுங்குடிச் சேலை, கைலி, பிள்ளைகளின் பழைய பள்ளிச் சீருடை என எதுவும் ஆகும். பருத்தியாக இருந்தால் போதும். ஆனால் வெட்டுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். புதுத்துணியும் பழந்துணியும் கலந்து தைத்துப் பிறகு துவைத்தால், புதியது சுருங்கிப் பழையதை இழுக்கும். அடர்சிவப்பு சாயம்விட்டால் பக்கத்துத் துண்டெல்லாம் கெட்டுப்போகும்.

நடுவடுக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். மெத்தைக்குப்போலத் தடிமனாகப் பஞ்சு வைத்தால் தண்ணீர்த் தம்ளர் நேராக நிற்காது. நைந்த துவாலையோ பழைய பருத்திப் போர்வையோ போதும். பாலியஸ்டர் பஞ்சு மலிவுதான். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி அதன்மேல் அமர்ந்தால் உள்ளே இளகி உருகும். பருத்தி உருகாது, கருகத்தான் செய்யும். எனவே எந்த விரிப்பானாலும் சட்டிக்கு அடியில் ஒரு பிரிமணை வேண்டும் என்பது என் மனைவியின் கண்டிப்பான சட்டம்.

மூன்றடுக்கையும் முதலில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத்தையல் போட்டுப் பிணைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவியும். பிறகு இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் தையல் ஓடவேண்டும். இல்லாவிட்டால் சில சலவைக்குள் உள்ளடுக்கு நகர்ந்து முடிச்சுமுடிச்சாகத் திரளும். கடைசியாக நான்கு ஓரத்துக்கும் பட்டி.

'துணித்தல்' என்றால் வெட்டுதல் என்பதை நீங்கள் அறிவீர்கள். திரளான ஜனங்கள் உண்டு திருப்தியடைந்தபின், மீதியானவை வீணாகாதபடி சேர்க்கச் சொல்லப்பட்டபோது பன்னிரண்டு கூடைகளில் நிரம்பியவற்றை நம் வேதாகமம் 'துணிக்கைகள்' என்கிறது. தையற்பெட்டியின் அடியில் கிடக்கும் துண்டுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

எங்கள் சபையில் 70 வயது கடந்த ஒரு தாயார் இருக்கிறார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். கணவரின் சட்டைகளையும் பிள்ளைகளின் சீருடைகளையும் வெட்டி அவர் தைத்த விரிப்பைப்போல நேர்த்தியான ஒன்றை இந்தச் சங்கம் அதுவரை கண்டதில்லை. தைத்து முடித்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

"எப்போ பெரியம்மா விரிக்கப்போறீங்க?" என்று என் மனைவி கேட்டார்.

"பிள்ளைகள் வரும்போது விரிக்கணும் ஐயரம்மா. அதுவரைக்கும் அழுக்காகாம இருக்கட்டும்."

மூன்று ஆண்டுகள் அப்படியே இருந்தது. அவரோ அடுப்படியில் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுவந்தார்.

வாசகரே, எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுவதுண்டு. சமுகத்தப்ப மேஜையை எப்படி மூடவேண்டும் என்று அங்கே விவரமாகச் சொல்லப்படுகிறது. சீத்திம் மரத்தாலான சிறிய மேஜை அது. 2 முழ நீளம், 1 முழ அகலம், ஒன்றரை முழ உயரம். அதன்மேல் முதலில் ஒரு நீலத் துப்பட்டி. அதன்மேல் தட்டுகள், கரண்டிகள், கிண்ணங்கள், அப்பமும் அங்கேயே. அவற்றின்மேல் ஒரு சிவப்புத் துப்பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே தகசுத்தோல். இறையியற் கல்லூரியில் இந்தப் பகுதியை நான் நிறங்களின் பட்டியலாகவே படித்தேன். பின்னாளில்தான் அதன் தொடக்க வாக்கியம் கண்ணில் பட்டது. பாளயம் புறப்படும்போது செய்யவேண்டியது அது. தோலுறை வனாந்தரத்தின் புழுதிக்கானது, வழிப்பயணத்துக்கானது. அந்தப் பயணத்திலும் அப்பம் அகற்றப்படவில்லை. நீலத் துணியின் மேலேயே இருந்தது.

இதை நான் அந்தத் தாயாரிடம் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து காட்டியவர் அவரே. மழைக்காலத்தின் ஈரம் பையினுள் தங்கி ஓரிடத்தில் பூஞ்சணம் புள்ளியிட்டிருந்தது. கஞ்சியை நாடி இராமபாணப் பூச்சியும் வரத்தொடங்கியிருந்தது. என் மனைவி அதை எடுத்துவந்து, கஞ்சி போக அலசி, நல்ல வெயிலில் உலர்த்திக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளை ஆராதனைக்குப்பின் அந்தத் தாயார் சாப்பிட அழைத்தார். விரிப்பு விரிக்கப்பட்டது.

முதல் குழம்புக் கறை விழுந்த அன்று அவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். துக்கம் சொல்ல அழைத்தாரா, நல்ல செய்தி சொல்ல அழைத்தாரா என்று குரலை வைத்து எங்களால் கண்டுகொள்ள முடியவில்லை.

மஞ்சள் கறைக்கு அஞ்சாதீர்கள். சோப்பு பட்டவுடன் அது சிவந்து பயமுறுத்தும். மஞ்சளின் இயல்பு அது. அலசி வெயிலில் போட்டால் நாளடைவில் வெளிறிவிடும். பாலும் முட்டையும் சிந்தினால் முதலில் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் கறையை இறுக்கிவிடும். கறை இல்லாத நாட்களில் சாயம் மங்காதிருக்க நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய உலர்த்துங்கள். எடுத்துவைக்க நேர்ந்தால் கஞ்சி போடாமல், பழைய வேட்டியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை அறும். இரண்டு விரிப்புகள் இருந்தால் மாற்றி மாற்றி விரிக்கலாம்.

எந்த விரிப்பிலும் முதலில் தேய்வது ஓரம். அதற்காக முழுவதையும் கழிக்கவேண்டியதில்லை. பட்டியை மட்டும் பிரித்துப் புதிதாக வைக்கலாம். அந்தத் தாயாரின் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ஞாயிறு மதியம் அவர் வீட்டில் இப்போது ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். விரிப்பின் ஓரம் நைந்துவிட்டதென்று சென்ற வாரம் அதைக் கணவரின் கைலித் துண்டொன்றோடு என் மனைவியிடம் தந்துபோனார். நான் இதை எழுதும்போது அவர் பழைய பட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம்.