தகரப் பெட்டியில் இருந்த சிப்பி

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். தூசி துடைத்தபின் மீண்டும் மேலேறும். சென்ற ஆண்டு எங்கள் பேத்தி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தக் குப்பையை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. உள்ளே இருந்தவை மூன்றே பொருள்கள்: துணியில் முடிந்த ஒரு பிடி செம்மண், ஒரு பவளத் துண்டு, விளிம்பு உடைந்த ஒரு சிப்பி.

மண் ஓரியூரினுடையது. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு உயிர் நீத்த ஊர் அது. அவர் சிந்திய குருதியால் அம்மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. திருப்பயணம் சென்ற எங்கள் தந்தையார், பிறரைப் போலவே ஒரு பிடி எடுத்து வந்தார். வீட்டில் எவரேனும் நோயுற்றால் அன்னையார் அம்முடிச்சைத் தலைமாட்டில் வைப்பார்.

பவளத்தை நாங்கள் இராமேசுவரம் கடைத்தெருவில் வாங்கினோம். அது கல்லன்று, கடலின் சிற்றுயிர்கள் கட்டிய வீடு என்பதை அன்று அறியோம். அதை வெட்டியெடுத்ததால் மன்னார் வளைகுடாவில் மீன்களும் உறைவிடம் இழந்தன. 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது. அத்துண்டைக் காணும்போது இன்று எங்களுக்கு வெட்கமே மிஞ்சுகிறது.

சிப்பியோ, வேளாங்கண்ணிக் கரையில் எங்கள் தம்பி பொறுக்கியது. ஏரியை மட்டுமே கண்டு வளர்ந்த அவன், அலையைக் கண்டு முதலில் அழுதான். பிறகு கரையேற மறுத்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. மறு ஆண்டு ஆடி மாதம் காய்ச்சலில் இறந்தான். அன்றும் அச்செம்மண் முடிச்சு அவன் தலைமாட்டில்தான் இருந்தது. அன்னையார் அதை எறிந்துவிடவில்லை. அவன் சிப்பியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார். அவனை நிழற்படம் எடுத்ததில்லை. இரவுச் செபம் முடிந்தபின், சிப்பியின் உடைந்த விளிம்பை அன்னையார் விரலால் தடவிக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் பேத்தியிடம் கூறினோம். அவள் சிப்பியைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "அந்தச் சின்னத் தாத்தாவின் பெயர் என்ன?" என்றாள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அப்பெயர் எங்கள் வீட்டில் உரக்க ஒலித்தது.

வாசகர் இல்லங்களிலும் இத்தகைய பெட்டி இருக்கக்கூடும். அதன் கதையை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சொல்லிவிடுங்கள். நாங்கள் காலம் தாழ்த்தினோம். ஒரு குழந்தை கேட்டதால் அன்றோ பிழைத்தோம்!