ரூமா நங்... அதாவது வீட்டுக்கு!

திருச்சி ஏர்போர்ட் வாசலில், கோலாலம்பூர் விமானம் இறங்கும் நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, கோடாலித் தைலம், அழுகை, சிரிப்பு எல்லாம் ஒரே இடத்தில். மணப்பாறை, துவரங்குறிச்சி, மருங்காபுரி பக்கம் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சித்தப்பா, மாமா இல்லாத தெரு குறைவு. வந்த சித்தப்பா ரெண்டு மலாய் வார்த்தை எடுத்து விடுவார். "மக்கான்" என்றால் சாப்பாடு, "பாகுஸ்" என்றால் நல்லது. பசங்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஆனால் கப்பலுக்கு மலாயில் "காப்பால்", கடைக்கு "கெடாய்", பெட்டிக்கு "பெத்தி", கட்டிலுக்கு "காத்தில்" என்று சித்தப்பா சொன்னால், சும்மா கதை விடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். கதை இல்லை, எல்லாம் இங்கிருந்து கப்பலேறிப் போன வார்த்தைகள். காமர்ஸ் மக்களுக்கு ஒன்று ஸ்பெஷல்: பேலன்ஸ் ஷீட்டில் வரும் "முதல்" இருக்கிறதே, அதுதான் மலாயில் "மோடால்". கேப்பிடல் மார்க்கெட்டை இந்தோனேசியாவில் இன்றும் "பாசார் மோடால்" என்றுதான் சொல்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் வகுப்பில் தூக்கம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளலாம் :-)

வார்த்தை கொடுத்து வாங்குவது பெரிய விஷயம் இல்லை. நாலு நாள் கடை போட்டால் அது தானாக நடந்துவிடும். ஒரு மொழியின் எலும்புக்கூடே மாறிப்போன கதைதான் அபூர்வம். அது நடந்த இடம் மலேசியா இல்லை... இலங்கை.

1640ல் காலியையும் 1656ல் கொழும்பையும் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியர்களிடமிருந்து பிடித்தார்கள். அவர்களின் தலைமையிடம் படாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கிருந்து சிப்பாய்களையும் கைதிகளையும் கப்பலில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். தங்களுக்கு ஆகாத ராஜாக்களையும் அனுப்பினார்கள்! ஜாவாவின் மன்னர் மூன்றாம் அமாங்குராத் 1708ல் இப்படித்தான் நாடு கடத்தப்பட்டார். வந்தவர்களில் ஜாவாக்காரர், அம்போன்காரர், மக்காசர்காரர் என்று பல தீவு ஆட்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது துறைமுகச் சந்தைகளில் பேசிய மலாய். அதனால் எல்லோருக்கும் சேர்த்து மலாய்க்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மலேசியாவில் படிக்கும் மலாயில் "வீட்டுக்கு" என்பதை "கெ ருமா" என்பார்கள். "க்கு" முன்னால், "வீடு" பின்னால். ஆங்கிலம் மாதிரி. இலங்கை மலாயில் அது "ரூமா நங்". வீடு முதலில், "க்கு" பிறகு! "கண்டியில்" என்பது அங்கே "டி கண்டி", இங்கே "கண்டி கா". வினைச்சொல்லும் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. வார்த்தை முழுக்க மலாய், கோர்த்த நூல் மட்டும் நம்ம ஊர் நூல்.

நம்ம ஊர் என்று உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். சிங்களத்துக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். இது தமிழால் வந்ததா, சிங்களத்தால் வந்ததா, இரண்டும் சேர்ந்தா என்று மொழியியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் பெண் எடுத்ததால் வந்தது என்பது ஒரு கட்சி. அத்தனை கல்யாணம் நடக்கவே இல்லை, அக்கம்பக்கத்துப் பேச்சுப் பழக்கமே போதும் என்பது இன்னொரு கட்சி. ஒரே பள்ளிவாசல், தமிழில் பிரசங்கம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்களின் காதில் தமிழ் ஏறாமலா இருக்கும்?

இதற்குத் தலைகீழான கதை மலாக்காவில். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். மலாக்கா செட்டிகள் என்று பெயர். (பிற்காலத்தில் லேவாதேவிக்குப் போன நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.) 1781ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. பொங்கல் வைப்பார்கள், சாமி கும்பிடுவார்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். இங்கே மலாய்க்காரர் தமிழ் மாதிரி மலாய் பேச, அங்கே தமிழர் தமிழே இல்லாமல் மலாய் பேசுகிறார்கள்.

இரண்டும் பங்காளி மொழிகள் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி. பாட மலாயில் "என் வீடு" என்பது "ருமா சாயா", வீடு முன்னால். மலாக்கா செட்டிப் பேச்சில் "சாயா புன்யா ருமா" என்று வரும். அந்தப் "புன்யா" தேய்ந்து தேய்ந்து இலங்கையில் "பே" ஆகிவிட்டது: "சேபே ரூமா". இரண்டுமே அந்தப் பழைய சந்தை மலாயின் பேரப்பிள்ளைகள்.

இலங்கை மலாயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1869லேயே பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் "அலாமத் லங்காபுரி" என்று அரபு எழுத்தில் மலாய் பத்திரிகை நடத்தினார். சிங்கப்பூரின் "ஜாவி பெரானாக்கன்" வந்ததே 1876ல்தான்! ஆனால் 1873ல் பிரிட்டிஷார் மலாய் சிப்பாய்கள் இருந்த ரைஃபிள் படையைக் கலைத்தார்கள். ஒரே குடியிருப்பில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் வேலை தேடிச் சிதறினார்கள். 2012 கணக்கெடுப்பில் மலாய்க்காரர்கள் 40 ஆயிரத்துக்குச் சற்று மேல். அத்தனை பேரும் மொழி பேசுவதாக அர்த்தமில்லை. கொழும்பு வீடுகளில் பாட்டி மலாயில் கேட்பார், பேரன் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வான். திருச்சியில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் வீட்டுப் பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மொழி போகிறதே என்று கவலைப்பட்டவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்கு மலேசிய மலாய் சொல்லிக் கொடுப்போம், வேலைக்கும் உதவும் என்று. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வகுப்பில் "ரூமா நங்" என்று எழுதினால் தப்பு. "கெ ருமா" என்றால்தான் மார்க்கு. தென்கோடியில் கிரிந்தா என்ற மீனவ ஊரில் மட்டும், எந்த வகுப்பும் இல்லாமல், சின்னப் பிள்ளைகள் "ரூமா நங்" என்றே பேசி வளர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.