டீக்கும் மாத்திரைக்கும் நடுவே

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்து மாதக் கர்ப்பிணியிடம் கிராம சுகாதார செவிலியர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கண்ணு, வெளிய போனா என்ன நெறத்துல போவுது?"

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று அவர் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் "சாப்பிடறங்க" என்றுதான் சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினால், உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் மலத்தைக் கறுப்பாக்கிவிடும். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "எப்பவும் போலத்தான்க்கா" என்றாள். நர்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "சரி, மாத்திரை போட்டா வயிறு என்ன பண்ணுது, அதச் சொல்லு" என்றார். அதற்கப்புறம்தான் அவள் வாய் திறந்தாள். குமட்டுகிறது, வாயெல்லாம் துருவாடை அடிக்கிறது, மூன்று நாளாகக் கழிப்பறைக்குப் போகவே முடியவில்லை. சும்மா இருந்தாலே வாந்தி வருகிற உடம்பு, இதில் மாத்திரை வேறு.

நர்சிங் மருந்தியல் புத்தகத்தில் வயிற்றுக்கான மருந்துகள் ஒரு பாடம், சத்துக் குறைபாட்டுக்கான மருந்துகள் இன்னொரு பாடம். படிப்பை முடித்து வேலைக்கு வந்த பிறகு அந்த இரண்டும் ஒரே பாடம்தான். சத்தைக் கொடுக்கிற மாத்திரை வயிற்றைக் கெடுக்கும். வயிற்றைச் சரிசெய்கிற மாத்திரை சத்தைச் சேரவிடாது. இந்தச் சிக்கலை வீடு வீடாகப் போய் எப்படி அவிழ்க்கிறார்கள் என்று பார்க்கத்தான் அந்தச் செவிலியரின் பின்னாலேயே நடந்தேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அத்தனை பேரின் வயிறும் இவர் பொறுப்பு.

அரசு கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் இன்னொரு 180 நாள். கர்ப்பகாலம் முழுக்க ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம். மாத்திரையில் இருப்பதில் சிறு பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. மீதி குடலிலேயே கிடந்து உறுத்துகிறது; குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல் எல்லாம் அதனால் வருவதுதான். ஆகவே மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் பெண் அலட்சியக்காரி அல்ல. அவள் வயிறு சொல்வது உண்மை. இதை ஒப்புக்கொள்கிற செவிலியருக்குத்தான் அவளை மறுபடி மாத்திரை சாப்பிட வைக்க முடிகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாத்திரைக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் இந்த நிலை.

திண்ணைப் பேச்சில் மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு இரண்டு பயம். செவப்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது ஒன்று. பிள்ளை பெருத்து, பிரசவம் கஷ்டமாகும் என்பது மற்றது. முதலாவதற்கு நர்சம்மா, "ஆயா, அன்னபேதி செந்தூரம் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். கிழவிக்குத் தெரிந்திருந்தது. "அதே அன்னபேதிதான் இதுலயும் இருக்கு." உண்மைதான். சித்த மருத்துவர்கள் சுத்திசெய்து புடம்போடும் அன்னபேதியும், இந்த மாத்திரையில் உள்ள ஃபெரஸ் சல்பேட்டும் ஒரே உப்பு. இரண்டாவது பயத்துக்கு அவர் சமாதானம் சொல்லவில்லை, நேராகவே பேசினார். "பிரசவத்துல ரத்தம் போவும் ஆயா. ஒடம்புல ரத்தம் இருக்கறவ தாங்குவா. இல்லாதவ தாங்கமாட்டா." மாமியார் மறுபேச்சு பேசவில்லை.

பிறகு அட்டவணை போட்டார். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. இரும்பு மாத்திரை ராத்திரி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது, எலுமிச்சைத் தண்ணீரோடு. குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் தெரியாது. கால்சியமும் இரும்பும் சேர்ந்து போனால் இரும்பு உள்ளே ஏறாது. டீயும் அப்படியே. இந்த ஊரில் வேலைக்குப் போகுமுன் ஒரு டீ, பொழுது சாய்ந்து வந்ததும் ஒரு டீ. அதை நிறுத்தச் சொன்னால் நடக்காது என்று அவருக்குத் தெரியும். "டீ குடி. ஆனா மாத்திரைகிட்ட கொண்டுவராத" என்பதோடு விட்டார். கிளம்பும்போது ஒன்று மட்டும் குரலை உயர்த்திச் சொன்னார்: மாத்திரையைப் பரண்மேல் வை. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு இருக்கும் அதை மிட்டாய் என்று பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும். 10 கிலோ எடையுள்ள குழந்தை 10 மாத்திரையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த தெருவில் ஒன்றரை வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. தாய் அதில் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நர்சம்மா ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுவி நிரப்பச் சொல்லி, முழுப் பொட்டலத்தையும் தன் கண்முன்னே கலக்க வைத்தார். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும் என்று அளந்து வைத்தது அது. குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும். அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். அளவு தவறினால் அந்தக் கணக்குக் கெட்டுவிடும். 1971இல் வங்க எல்லையில் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலை நோயாளிகளின் உறவினர் கையில் கொடுத்தே புகட்டச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் இறந்த பிறகு, 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அன்று முகாமில் உறவினர் செய்ததை இன்று இந்தத் தாய் செய்கிறார். மருந்து கொடுப்பவர் வீட்டு ஆள்தான். செவிலியர் அவருக்குக் கைப்பழக்கம் ஏற்படுத்துகிறார். கூடவே ஜிங்க் மாத்திரை, 20 மில்லிகிராம், கரண்டித் தண்ணீரில் கரைத்துத் தினம் ஒன்று. "பேதி நின்னுட்டாலும் நிறுத்தாதம்மா, 14 நாள்." இதை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் புதிதாகச் சொல்வதைப் போலவே.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். வாய்வழி மாத்திரை கைகொடுக்காதவர்கள், பிரசவ நாள் நெருங்கியும் ரத்தம் ஏறாதவர்கள் கட்டிலில் படுத்திருக்க, இரும்பு சுக்ரோஸ் ஏறிக்கொண்டிருந்தது. காப்பித்தூள் நிறத்தில் இருக்கும் மருந்து. அதை 100 மில்லி நார்மல் சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கக் கூடாது. முதல் சில நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, ஸ்டாஃப் நர்ஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மூச்சு, நாடி, முகம். ஊசி நரம்பைவிட்டு விலகினால் வலிக்கும். மருந்து தோலுக்கடியில் கசிந்து, பல மாதம் போகாத பழுப்புக் கறையை விட்டுவிடும். இடையில் இரண்டு பேர் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு இங்கே ஒரு ஆதங்கம் உண்டு. எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை கொடுத்தாயிற்று, எத்தனை கர்ப்பிணிக்குப் பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண் பதிவானது என்று பதிவேட்டிலும் செயலியிலும் கட்டம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வயிற்றின் கதையைக் கேட்ட நேரத்துக்குக் கட்டம் எதுவும் இல்லை. ஆனால் மாத்திரை அட்டையிலிருந்து ரத்தத்துக்குப் போவது அந்த நேரத்தில்தான். அதை வேலையாகக் கணக்கிடாத வரை, பதிவேட்டில் நூறு சதவீதமும் ரத்தத்தில் பாதியும்தான் காட்டும்.

அதே செவ்வாயன்று வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.4. போன மாதம் 8.1. தினமும் இரண்டு மாத்திரை. மலமும் கறுப்பாகத்தான் போகிறது. ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். கிராம செவிலியர் விடவில்லை. டீயா? இல்லை. கால்சியத்தோடு சேர்த்தா? இல்லை. பூச்சி மாத்திரை போட்டாயிற்றா? நாலாவது மாதமே அல்பெண்டசோல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கடைசியில், "நெஞ்சு கரிக்குதுன்னு கடையில ஏதாச்சும் வாங்கிப் போடறியா?" என்றார். அந்தப் பெண் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். கேஸ் மாத்திரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில்.

இரும்பு உப்பு கரைந்து உறிஞ்சப்பட வயிற்று அமிலம் வேண்டும். அந்த மாத்திரையின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. இரும்பு மாத்திரையால் எரிச்சல், எரிச்சலுக்குக் கேஸ் மாத்திரை, அதனால் இரும்பு வீண். செவிலியர் அட்டையை வாங்கிக்கொண்டு மருத்துவர் அறைக்குப் போனார். கேஸ் மாத்திரையை நிறுத்தி, சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்து உண்ணவும், சாப்பிட்ட உடனே படுக்காமல் இருக்கவும் சொன்னார்கள். இரும்பு மாத்திரை இரண்டும் ஒன்றாக வேண்டாம், காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஒன்று, ராத்திரி ஒன்று. அடுத்த மாதமும் இதே அளவில் நின்றால் கட்டிலில் படுக்க வைத்து மருந்து ஏற்றுவது என்று முடிவாயிற்று. அதற்கான தேதியைச் செவிலியர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, வரிசையில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.