பாலத்திற்கு இப்பால்

எங்கள் பெற்றோர் காலத்தில் வேளாங்கண்ணிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அரிசி மூட்டை, சட்டி பானை, பாய், லாந்தர் விளக்கு அனைத்தும் வண்டிக்குள்ளேயே இருக்கும். பொழுது சாய்ந்ததும் சத்திரத்திலோ குளக்கரையிலோ வண்டியை அவிழ்த்துப் போட்டுச் சமைத்து உண்டு உறங்குவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரில் வாழும் எங்கள் மகன், பழைய மோட்டார் ஹோம் ஒன்றை விலைக்கு வாங்கி வாசலில் நிறுத்தியபோது எங்கள் நினைவுக்கு வந்தது அந்தக் கூண்டு வண்டிதான். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. மாடுகள் மட்டும் இல்லை.

அந்த வண்டியில் மெக்சிகோ நகரத்துக் குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்திற்குக் குடும்பமாகச் செல்வது என்பது 2024-ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் இட்ட திட்டம். அதற்கொரு காரணம் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன், நான்கு வயதுப் பேத்திக்கு இதயத்தில் துளை என்று அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையைத் துப்புரவு செய்ய வந்த மெக்சிகோ நாட்டுப் பெண்மணி ஒருவர், எவரும் கேளாமலேயே அன்னையின் படமொன்றைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு எங்களுள் ஒருவர், மற்றவரைக் கலந்துகொள்ளாமல், குழந்தை பிழைத்தெழுந்தால் அவளை அழைத்துவந்து அன்னையின் திருமுன் நிறுத்துவதாக நேர்ந்துகொண்டார். (யார் என்று எழுத வேண்டாம் என்பது அவருடைய கட்டளை.) குழந்தை பிழைத்தாள். இப்போது ஓரிடத்தில் நிற்பதில்லை.

சான் அந்தோனியோவிலிருந்து மெக்சிகோ நகரம் சாலை வழியே ஏறத்தாழ 1,400 கி.மீ. மகன் பொறுப்பானவன், பலநாள் விசாரித்து அனைத்தையும் குறித்து வைத்திருந்தான். லாரேடோ நகரில் ஆற்றைக் கடந்தால் அக்கரை தமௌலிப்பாஸ் மாநிலம். அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் நான்கு படிகள் உண்டு. ‘செல்லவே வேண்டாம்’ என்னும் நான்காம் படியில் 2024-இல் வைக்கப்பட்டிருந்த ஆறு மெக்சிகோ மாநிலங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே லாரேடோவுக்கு வடமேற்கே உள்ள கொலம்பியா பாலத்தின் வழியாக நேரே நுவோ லியோன் மாநிலத்துக்குள் இறங்குவது. அங்கிருந்து மான்டெர்ரே, சால்ட்டியோ, சான் லூயிஸ் பொட்டோசி என்று சுங்கச் சாலைகளிலேயே செல்வது. பொழுது சாயுமுன் வேலியிட்ட முகாமிடத்தில் வண்டியை நிறுத்திவிடுவது. இரவுப் பயணம் கூடாது என்பதற்குக் கொள்ளையர் மட்டுமே காரணமல்லர். விளக்கில்லாச் சாலையில் படுத்துக்கிடக்கும் மாடுகளும், அறிவிப்பின்றி எழும் வேகத்தடைகளும்கூடக் காரணம். அமெரிக்கக் காப்பீடு அங்கே செல்லாது. தனியாக மெக்சிகோ காப்பீடு எடுக்க வேண்டும். வழியில் வண்டி பழுதானால் உதவுவதற்கு அந்நாட்டு அரசு 1960 முதல் ஓர் அமைப்பை நடத்தி வருகிறது. அதன் பெயர் ‘பச்சை வானதூதர்கள்’! அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்குப் பாதி அச்சம் போய்விட்டது.

மீதிப் பாதியை மருமகள் எடுத்துரைத்தாள். 2023 மார்ச் மாதத்தில் மத்தாமோரோஸ் நகரில் எல்லை கடந்த சிறிது நேரத்திலேயே நான்கு அமெரிக்கர்கள் கடத்தப்பட்டதும், அவர்களுள் இருவர் உயிரிழந்ததும் அவளுக்கு மனப்பாடம். 2024-இல் பாஹா கலிஃபோர்னியா கடற்கரையில் கூடாரமடித்துத் தங்கிய ஆஸ்திரேலியச் சகோதரர் இருவரும் அவர்களுடைய நண்பரும் கொல்லப்பட்டதையும் சொன்னாள். மகன் தன் குறிப்பேட்டைப் புரட்டி, அந்த இடங்கள் எங்கள் பாதையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று காட்டினான். அவள் குறிப்பேட்டைப் பார்க்கவே இல்லை.

“அத்தை, மாமா, நீங்கள் நேர்ந்துகொண்டது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருமுறை அவளை அறுவை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை என்னால் முடியாது. வண்டியானாலும் விமானமானாலும் அவளை இப்போது அனுப்பமாட்டேன்.”

எங்களுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது உண்மை. இறைவனுக்குக் கொடுத்த வாக்கை இவள் தடுக்கிறாளே என்று இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. விசுவாசக் குறைவு என்றுகூட ஒரு சொல் எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

அடுத்த வீட்டுக்காரர் சான் லூயிஸ் பொட்டோசியில் பிறந்தவர். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தம் வண்டியிலேயே ஊருக்குப் போய்வருகிறார். அவரிடம் கேட்டோம். அவரைப் போன்றவர்கள் டிசம்பரில் எல்லையருகே ஒன்றுகூடி, பகல் வெளிச்சத்தில் பல வண்டிகளாய் அணிவகுத்துச் செல்வார்களாம். “அஞ்சாமலா போகிறோம்? அஞ்சிக்கொண்டேதான் போகிறோம். அங்கே என் தாய் இருக்கிறார். உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?” என்றார். எங்கள் தாயும் அங்கேதான் இருக்கிறார் என்றோம். அவர் தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் விமானத்தில் போங்கள். எந்த வண்டியில் வந்தீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். பெரிய வண்டி, அயல்நாட்டு எண்பலகை, ஓட்டத் தெரியாத சாலை. உங்களால் திரும்பி ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது” என்றார்.

அந்நாட்டில் 2022 ஜூன் 20 அன்று நடந்ததையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். சிவாவா மாநிலத்தின் மலைப்பகுதியில் செரோகாவி என்னும் சிற்றூர். ஆயுதம் தாங்கியவனிடமிருந்து தப்பி ஒருவர் ஆலயத்துக்குள் ஓடிவந்தார். அவருக்கு உதவ முனைந்த இயேசு சபைக் குருக்கள் ஹாவியர் காம்போஸ், ஹோக்கின் மோரா இருவரும் அங்கேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். இருவரும் எண்பதை ஒட்டிய வயதினர். ராராமுரி பழங்குடி மக்களிடையே பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள். அந்த ஆபத்து அவர்கள் தேடிப் போனதன்று. கதவைத் திறந்துகொண்டு அவர்களிடம் வந்தது. அன்றிரவு நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம்: எங்கள் கதவை யார் தட்டினார்கள்? அந்தச் சாலையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் எவர்? ஒளிவுமறைவின்றிச் சொன்னால், வண்டியில் சமைத்துக்கொண்டே புதுநாடு பார்க்கும் ஆசை நேர்ச்சையின் பின்னே ஒளிந்துகொண்டிருந்தது. ஆலயத்தின் உச்சியில் நிறுத்தப்பட்ட ஆண்டவர் குதிக்க மறுத்ததைத் தவக்காலந்தோறும் கேட்டிருக்கிறோம். அதை நமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது எவ்வளவு கடினம்!

பங்குத்தந்தையிடம் போனோம். அவர் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து, 1193-ஆம் எண்ணைக் காட்டினார். நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும். குழந்தையையோ அவள் தாயையோ அன்று. தனிப்பட்ட நேர்ச்சையை நேர்ந்தவரே அதற்கு இணையான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 1197-ஆம் எண். “குழந்தை வளர்ந்தபின் அவளாகவே போக விரும்புவாள், பாருங்கள்” என்று சிரித்தார். வீடு திரும்பி மருமகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் அழுதாள், நாங்களும்தான்.

2025 ஜனவரியில் நாங்கள் இருவர் மட்டும் விமானத்தில் சென்றோம். திருவிழா நாளாகிய டிசம்பர் 12-இன் பெருங்கூட்டம் முடிந்திருந்தது. 1976-இல் திறக்கப்பட்ட புதிய பேராலயம் வட்ட வடிவமானது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஹுவான் தியேகோவைப் புனிதராக உயர்த்தியது இவ்வாலயத்தில்தான். 1531-இல் அந்த எளியவர் அணிந்திருந்த மேலாடை பீடத்தின் பின்னே உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. யாரும் நின்றுவிடாதபடி அதன் கீழே நகரும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஏறி நின்றால் அதுவே நம்மை மெல்ல இழுத்துச் செல்லும்.

பேத்தியின் நிழற்படத்தை உயர்த்திப் பிடித்தபடி ஏறினோம். எங்களுக்கு முன்னே நின்ற ஒரு தாயும் ஒரு படத்தை உயர்த்தியிருந்தார். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன்; படத்தின் கீழே ஒரு தேதி அச்சிட்டிருந்தது. காணாமற்போனோர் பட்டியலில் அந்நாட்டில் 2022-லேயே ஒரு லட்சம் பெயர்கள் கடந்துவிட்டதை மகனின் குறிப்பேட்டில் வாசித்திருந்தோம். எந்தச் சாலையில் போகலாம், எதில் போகலாகாது என்று கணக்கிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தாய்க்கு இருந்ததில்லை. அது அவருடைய ஊர்.

அவர் எங்கள் படத்தைப் பார்த்தார். நாங்கள் அவருடையதைப் பார்த்தோம். மொழி இல்லை. நடைபாதை முடிந்து எங்களை இறக்கிவிட்டது. அவர் சுற்றிக்கொண்டுபோய் மறுபடி ஏறினார். நாங்களும் அவர் பின்னே சென்று ஏறினோம்.