உற்று, கூர்ந்து, ஊன்றி

● 'இன்டென்ட்லி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டெண்டெரே' என்றால் நீட்டுவது, இழுத்து விறைப்பாக்குவது. மனம் ஒன்றை நோக்கி நாணேற்றிய வில்லாக நிற்கும் நிலை அது. வெறும் கவனத்தைவிட ஒரு படி மேல்.

● 'கேர்ஃபுல்லி' தவறு நேராமல் பார்த்துக்கொள்வது. 'அட்டென்டிவ்லி'யில் எதிரே இருப்பவர் மீது அக்கறையும் பணிவும் கலந்திருக்கும். 'இன்டென்ட்லி' பெரும்பாலும் பார்ப்பது, கேட்பது, படிப்பது ஆகியவற்றோடு வரும். நிரம்பிய தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் கொண்டுவருபவருக்கு 'கேர்ஃபுல்லி'தான் பொருந்தும்.

● தமிழில் இதை ஒரே சொல்லில் அடக்க முடியாது. கண்ணுக்கு 'உற்று', காதுக்கு 'உன்னிப்பாக', படிப்புக்கு 'ஊன்றி'. 'கூர்ந்து' பார்வைக்கும் வரும், கேட்பதற்கும் வரும். உற்று, கூர்ந்து, ஊன்றி மூன்றும் வினையெச்சங்கள். உறுதல், கூர்தல், ஊன்றுதல் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செயல் இருக்கிறது. கவனம் என்பதை நாம் செய்கிற ஒன்றாகவே தமிழ் சொல்கிறது.

● ஊன்றிப் படிப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்ட 'நாலெட்ஜ்' தேர்வில் தேற வேண்டும். 1865 முதல் நடக்கிறது. சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்கள். மொபெட்டில் சுற்றிச் சுற்றிப் படித்து, வரைபடம் பாராமல் தேர்வாளரிடம் வழியை வாயால் ஒப்பிக்க வேண்டும். பலருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் எலினார் மகுவையர் குழு 2000-இல் இந்த ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்தது. இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சி பெறுபவர்களைத் தொடர்ந்து கவனித்த 2011 ஆய்வில், தேறியவர்களிடம் மட்டும் அந்த வளர்ச்சி தெரிந்தது. ஊன்றிப் படித்தது உடம்பிலேயே பதிந்துவிட்டது!

● காதுக்கென்றே 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தவர் வள்ளுவர்.

● வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் 'கவனி, கவனி' என்று மட்டுமே சொல்கிறோம். எதைச் செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது. 'எழுத்தை உற்றுப் பார்', 'காது கொடுத்துக் கேள்', 'ஊன்றிப் படி' என்று சொல்ல வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் மனசுக்கும் அப்போது தனித்தனியே வேலை கிடைக்கும்; சொற்களும் பிழைத்திருக்கும்.